பட்டன் போன் கேம்களைக் கையடக்கக் கருவியில் ஆடுவது: மெனக்கெடலாமா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டது இப்படி: மூன்றரை அங்குலத் திரையும் லினக்ஸும் உள்ள ஒரு சின்னக் கேம் கருவி வைத்திருக்கிறீர்கள். ப்ளேஸ்டேஷன் 1 கேம்கள்கூட அதில் சொன்ன பேச்சைக் கேட்கின்றன. ஆனால் 2006 வாக்கில் பட்டன் போனில் ஆடிய, ஒரு எம்பிகூட இல்லாத கேம்களைப் போட்டால் ஒன்று கறுப்புத் திரையோடு நிற்கிறது, இன்னொன்று மெனுவைத் தாண்டி நகர மறுக்கிறது, மூன்றாவது தலைதெறிக்க ஓடுகிறது. இது கருவியின் குறையா, உங்கள் தவறா, இல்லை ஆகாத காரியமா என்று கேட்கிறீர்கள். ஓடுமா என்பதைவிட, பாடுபட்டு ஓடவைத்தால் ஆடுகிற மாதிரி இருக்குமா என்பதுதான் உங்கள் உண்மையான கேள்வி என்று எடுத்துக்கொண்டு பதில் சொல்கிறேன்.

அந்தக் காலத்தில் ஐந்து வருடம் என் வேலையே இதுதான். யாரோ ஜாவா மொழியில் எழுதிய போன் கேமை வாங்கி, ஒவ்வொரு போன் மாடலுக்கும் பொருந்துகிற மாதிரி வெட்டி ஒட்டிக் கொடுப்பது. போர்ட்டிங் என்று சொல்வோம். அதனால் இந்தக் கேம்களின் வெளிமுகத்தைவிட அவற்றின் தையல் எனக்கு நன்றாகத் தெரியும். முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இருபரிமாண ஜாவா கேம்களில் பெரும்பாலானவை உங்கள் கருவியில் ஓடும், நன்றாகவே ஆடலாம். முப்பரிமாணக் கேம்கள் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தால்தான் தெரியும். சிம்பியன் (நோக்கியா ஸ்மார்ட்போன்களில் இருந்த இயங்குதளம்) கேம்களுக்கு ஆண்ட்ராய்டு கருவி வேண்டும். உங்கள் மூன்று தொல்லைகளில் இரண்டு, அநேகமாக, தவறான கோப்பை எடுத்ததால் வந்தவை.

ப்ளேஸ்டேஷன் கேம் ஓடுகிற கருவியில் 300 கேபி கேம் ஏன் மக்கர் பண்ணுகிறது? ப்ளேஸ்டேஷன் என்பது ஒரே இயந்திரம். அதன் சிப்பை மென்பொருளில் ஒருமுறை சரியாக நடித்துக் காட்டிவிட்டால் எல்லாக் கேமும் ஏமாந்துவிடும். இப்படி நடிக்கும் நிரல்தான் எமுலேட்டர். ஜாவா போன் அப்படி ஒரு இயந்திரமே இல்லை. எம்ஐடிபி என்ற பொது விதிமுறை இருந்தது. 2000-இல் முதல் பதிப்பு, 2002-இல் இரண்டாவது. படம் வரை, பட்டனைக் கேள், ஒலி எழுப்பு, சேமி என்று கேம் போனிடம் எப்படிக் கேட்க வேண்டும் என்பதை மட்டும் அது சொன்னது. கேட்டதை எப்படிச் செய்வது என்பது அந்தந்த போன் நிறுவனத்தின் பாடு. முதல் பதிப்பில் முழுத்திரையைப் பிடிக்கக்கூட வழியில்லாததால் நோக்கியா தனக்கென்று ஒரு நீட்சி வைத்தது. சீமன்ஸ், மோட்டரோலா, சாம்சங் எல்லாரும் அதேபோல ஆளுக்கொன்று வைத்தார்கள். ஆகவே ஜாவா எமுலேட்டர் என்று நாம் சொல்வது எந்த போனையும் நடித்துக் காட்டுவதில்லை. கேம் கேட்கிற கேள்விகளுக்கெல்லாம் பதில் சொல்ல ஒரு ஆளை உட்கார வைத்திருக்கிறது, அவ்வளவுதான். அந்த ஆளுக்குத் தெரியாத கேள்வி வந்தால் கறுப்புத் திரை.

இதிலிருந்து உங்கள் கருவிக்கு இரண்டு விளைவுகள். ஒன்று, அந்த ஆள் உட்கார இடம் வேண்டும். லினக்ஸ் கருவிகளில் பெரும்பாலும் பயன்படுவது ஃப்ரீஜே2எம்இ என்ற ஜாவா எமுலேட்டர். பல எமுலேட்டர்களை ஒரே இடத்தில் திரட்டித் தரும் ரெட்ரோஆர்ச்சுக்குள் மற்றவற்றைப் போலவே தெரிந்தாலும், உள்ளுக்குள் அது தனியாக ஒரு ஜாவா நிரலைக் கிளப்பிவிட்டு அதோடு பேசிக்கொண்டிருக்கிறது. கருவியின் ஃபர்ம்வேரில், அதாவது அதோடு வரும் அடிப்படை மென்பொருளில், ஜாவா இருந்தால்தான் அது எழும். 1 ஜிபி ரேம் உள்ள கருவியில் சில நொடிகள் யோசித்துவிட்டுத் திறக்கும், அப்புறம் பிரச்சினையில்லை. 128 எம்பி ரேம் மட்டும் உள்ள மியூ மினி வகைக் கருவியில் இதை எதிர்பார்த்து மல்லுக்கட்டுவது வீண். அதே கருவி ப்ளேஸ்டேஷன் 1-ஐ அழகாக ஓட்டுகிறதே என்பது வேடிக்கைதான், ஆனால் நிலைமை அதுதான். இரண்டாவது, நினைத்த இடத்தில் நிறுத்தி நினைத்த இடத்தில் தொடரும் சேவ் ஸ்டேட் வசதியை இங்கே நம்ப முடியாது. இயந்திரத்தின் நினைவகத்தை அப்படியே படம் பிடிப்பதுதான் சேவ் ஸ்டேட். இங்கே படம் பிடிக்க இயந்திரமே இல்லை. கேம் தானாகச் சேமிப்பது மட்டும்தான் மிஞ்சும். அந்தச் சேமிப்புகள் எமுலேட்டரின் கோப்புறையில் கேம் வாரியாக இருக்கும். கார்டை மாற்றும்போது அதையும் சேர்த்து நகலெடுங்கள்.

ஆண்ட்ராய்டில் ஓடும் கையடக்கக் கருவி என்றால் கதை எளிது. ஜே2எம்இ லோடர் என்ற இலவசச் செயலி ஜாரை (ஜாவா கேம் வரும் கோப்பு) வாங்கி, உள்ளே இருக்கும் ஜாவா நிரலை ஆண்ட்ராய்டுக்குப் புரிகிற வடிவத்துக்கு மாற்றியே நிறுவுகிறது. அதனால் கேம் சட்டென்று திறக்கும். கேம் வாரியாகத் திரை அளவு, பட்டன் அமைப்பு, வேகக் கட்டுப்பாடு எல்லாம் தனித்தனியாக வைக்கலாம். முப்பரிமாணப் படம் வரைய போன்களில் இருந்த இரண்டு முறைகளான எம்3ஜி, சோனி எரிக்சனில் அதிகம் இருந்த மாஸ்கட் கேப்ஸ்யூல் இரண்டையும் ஓரளவு கையாள்கிறது. ஃப்ரீஜே2எம்இ பக்கமும் வேலை நடக்கிறது, ஆனால் முப்பரிமாணத்தில் லோடர் ஒரு படி முன்னே நிற்கிறது என்பது என் அனுபவம். ஓடும் என்று எந்த முப்பரிமாணக் கேமுக்கும் நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். சாலை தெரியும், கார் தெரியாது. கார் தெரியும், வானம் சாலைக்கு முன்னால் வந்து நிற்கும். இரண்டையும் பார்த்திருக்கிறேன்.

இனிதான் பலரும் தவறும் இடம். "அந்தக் கேம்" என்று நீங்கள் ஒன்றை நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். எங்கள் அலுவலகக் கணினியில் அந்தப் பெயரில் ஐம்பது அறுபது ஜார் கோப்புகள் இருக்கும். நோக்கியாவின் தொடக்ககால 40 வரிசை போன்கள் 64 கேபிக்கு மேல் ஒரு ஜாரை ஏற்காது. அந்த எல்லைக்குள் அடக்க நாங்கள் செய்த பாவங்கள் கொஞ்சநஞ்சமல்ல: பின்னணிப் படம் போகும், இசை ஒரே மெட்டாகச் சுருங்கும், ஐந்து எதிரிகள் ஒரே எதிரியின் ஐந்து நிறங்களாவார்கள், கடைசி இரண்டு நிலைகள் காணாமல் போகும். மாறிகளின் பெயர்களையெல்லாம் ஒற்றை எழுத்தாக்கி இரண்டு கேபி மிச்சம் பிடித்தால் அன்றைக்கு எங்களுக்குத் திருவிழா. பெரிய திரையும் நினைவகமும் உள்ள போனுக்கு அதே பெயரில் முழு விருந்து போகும். ஆகவே ஒரே பெயருள்ள இரண்டு கோப்புகள் கிட்டத்தட்ட இரண்டு வேறு கேம்கள். "நான் ஆடியது இவ்வளவு மொக்கையாக இருக்காதே" என்று தோன்றினால் உங்கள் நினைவைச் சந்தேகிக்காதீர்கள், கோப்பைச் சந்தேகியுங்கள்.

சரி, எதை எடுப்பது? 240×320 பதிப்புதான் சிறந்தது, அதை எடு என்று எங்கே கேட்டாலும் சொல்வார்கள். உள்ளடக்கத்தில் அது உண்மை. ஆனால் உங்கள் திரை 640×480, அதுவும் படுக்கைவாக்கில். 320 உயரத்தை 480 ஆக்கினால் ஒன்றரை மடங்கு. ஒரு பிக்சலை ஒன்றரைப் பிக்சலாக வரைய முடியாது. அதனால் சில வரிகள் தடிக்கும், சில மெலியும், நகரும் படம் மினுக்கும். மழுப்பும் வடிகட்டியைப் போட்டால் எழுத்துகள் கலங்கும். மாறாகக் கணக்குப் பாருங்கள்: 128×160 பதிப்பு மூன்று மடங்கில் 384×480, உயரம் அச்சாகப் பொருந்துகிறது, ஆனால் அது பெரும்பாலும் வெட்டுப்பட்ட பதிப்பு. 176×220 பதிப்பு இரண்டு மடங்கில் 352×440, மேலும் கீழும் இருபது இருபது பிக்சல் கறுப்பு, மற்றபடி கூர்மை. சோனி எரிக்சன் கே750ஐ வகையின் அளவு அது. அந்த போன்கள் வேகமானவை என்பதால் அந்தப் பதிப்புகளில் நாங்கள் அதிகம் கை வைக்கவில்லை. 640×480 திரைக்கு என் முதல் தேர்வு அதுதான், 240×320 அல்ல.

இதைவிடப் பொருத்தமான இன்னொன்று உண்டு, பலர் தேடுவதே இல்லை. நோக்கியா இ61, இ71 போல முழு எழுத்துப் பட்டன்களோடு வந்த போன்களின் திரை 320×240, படுக்கைவாக்கில். இரண்டு மடங்கு ஆக்கினால் 640×480, உங்கள் திரை ஒரு பிக்சல் மிச்சமில்லாமல் நிறைந்துவிடும். எல்லாக் கேமுக்கும் இந்தப் பதிப்பு கிடையாது. இருப்பவற்றிலும் சிலவற்றை அவசரத்தில் செய்திருப்பார்கள்: உயிரும் புள்ளியும் காட்டும் பட்டையை ஓரத்தில் இழுத்து ஒட்டியிருப்பார்கள், குதிக்க வேண்டிய மேடை திரைக்கு மேலே மறைந்திருக்கும். நேர்வாக்கில் ஏறிப்போகும் கேம்களில் இதைத் தவிர்த்துவிடுங்கள். கார் ஓட்டுவது, பக்கவாட்டில் ஓடுவது போன்றவற்றில் முதலில் இதைத் தேடுங்கள்.

இருபுறமும் கறுப்புப் பட்டை விழுகிறதே என்று வருத்தப்படவும் வேண்டாம். மூன்றரை அங்குலத்தில் 640×480 என்றால் முழு மூலைவிட்டம் 800 பிக்சல். 240×320 படத்தை ஒன்றரை மடங்காக்கினால் அதன் மூலைவிட்டம் 600 பிக்சல், அதாவது ஏறக்குறைய 2.6 அங்குலம். அன்றைக்குக் கொடிகட்டிப் பறந்த கே800ஐ-யின் திரையே 2 அங்குலம்தான். பட்டையோடு சேர்த்தும் நீங்கள் அப்போது பார்த்ததைவிடப் பெரிதாகத்தான் பார்க்கிறீர்கள். கருவியைச் செங்குத்தாகத் திருப்பிப் பிடித்தால் 240×320 சரியாக இரண்டு மடங்காகப் பொருந்தும். ஆனால் பட்டன்கள் மேலும் கீழுமாகப் போய்விடும். பொறுமையாக யோசித்து ஆடும் புதிர் கேமுக்குச் சரி, மற்றதற்கு விரல் வலிக்கும்.

அடுத்தது பட்டன். உங்கள் இரண்டாவது கேம் மெனுவைத் தாண்டாததற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான். திசைப் பட்டனும் நடுப் பட்டனும் என்ன என்று கேட்க விதிமுறையில் பொதுவழி இருந்தது. ஆனால் திரைக்குக் கீழே இருந்த இடது, வலது சாஃப்ட் கீக்குப் பொதுவழி இல்லை. நோக்கியாவிலும் சோனி எரிக்சனிலும் அவற்றின் எண் -6, -7. சீமன்ஸில் -1, -4. மோட்டரோலாவில் -21, -22. இதில் கொடுமை என்னவென்றால் நோக்கியாவில் -1 என்றால் மேல் அம்பு. சீமன்ஸுக்கான ஜாரை நோக்கியா அமைப்பில் ஓட்டினால் மேலே அழுத்தும்போது மெனு திறக்கும், மெனு பட்டனை அழுத்தினால் ஒன்றும் நடக்காது. லோடரில் இதை மாற்ற ஆயத்த அமைப்புகள் உண்டு. ஃப்ரீஜே2எம்இயிலும் போன் வகை என்று ஒரு தேர்வு இருக்கும். அதற்குப் பதில் நோக்கியா அல்லது சோனி எரிக்சன் ஜாரையே தேடி எடுத்தால் பாதித் தலைவலி போய்விடும்.

எண் பட்டன்களையும் மறக்காதீர்கள். 2, 4, 6, 8 திசைகள், 5 அடி என்பது தெரிந்ததே. ஆனால் சண்டைக் கேம்களில் 1-உம் 3-உம் குறுக்கே தாவுவதற்கு, 7-உம் 9-உம் உருள்வதற்கு, நட்சத்திரம் ஆயுதம் மாற்ற, 0 வரைபடத்துக்கு என்று எல்லாப் பட்டனையும் நிரப்பி வைத்திருப்போம். உங்கள் கருவியில் நான்கு முகப் பட்டன், நான்கு தோள்பட்டைப் பட்டன், ஸ்டார்ட், செலக்ட். நான் வைத்திருக்கும் முறை: தோள்பட்டையின் முன் இரண்டும் சாஃப்ட் கீ, பின் இரண்டும் 1, 3. முகப் பட்டன்களில் 5, 7, 9, 0. நட்சத்திரமும் (*) கட்டமும் (#) ஸ்டார்ட், செலக்டில். இதை ஒருமுறை வைத்துவிட்டு எல்லாக் கேமுக்கும் அதையே பழகுங்கள், கேமுக்குக் கேம் மாற்றினால் கை குழம்பும். ஒன்று மட்டும் சொல்ல வேண்டும்: நிஜ திசைப் பட்டனில் ஆடுவது அன்றைய போனைவிடச் சுகம். அந்தக் காலத்துப் பல போன்கள் இரண்டு பட்டனை ஒரே நேரத்தில் அழுத்தினால் ஒன்றைத்தான் கவனிக்கும். அதைக் கருதியே கேம்களும் அமைந்தன. தொடுதிரையில் வரைந்த போலிப் பட்டன்களில் ஆடுவதோடு ஒப்பிட்டால் இந்த ஒரு காரணத்துக்காகவே கையடக்கக் கருவிக்கு என் ஓட்டு.

தலைதெறிக்க ஓடும் மூன்றாவது கேம் எங்கள் ஆட்கள் செய்த வேலை. போன் மெதுவானது என்பதை நம்பியே ஒரு சுற்றுக்கு இவ்வளவு நகர் என்று எழுதிவிடுவோம். நேரத்தை அளந்து ஓட்ட நினைவகமும் இல்லை, கெடுவும் இல்லை. இன்றைய சிப் அதே சுற்றைப் பல மடங்கு வேகமாக முடிக்கிறது. எமுலேட்டரில் நொடிக்கு இத்தனை படம் என்று எல்லை வைக்கும் இடம் இருக்கும். 15-இல் தொடங்கி 20, 25 என்று ஏற்றிப் பாருங்கள். பல கேம்களின் இயல்பான வேகம் அந்த வட்டாரத்தில்தான் இருந்தது. இது கோளாறு அல்ல, ஒரு நிமிட வேலை. இசை மட்டும் முழுதாகத் திரும்பக் கிடைக்காது. கேமுக்குள் இருந்தது மிடி குறிப்புகள், அதாவது எந்தச் சுரத்தை எப்போது வாசிப்பது என்ற குறிப்பு மட்டும். எந்த வாத்தியம் எப்படி ஒலிக்கும் என்பது போனுக்குள் இருந்த ஒலித் தொகுப்பு. வேறு தொகுப்பில் அதே மெட்டு வேறு வாத்தியக் கோஷ்டி வாசித்தது போலக் கேட்கும்.

சிம்பியன் பக்கம் சுருக்கமாக. 2003-இல் வந்த நோக்கியா என்-கேஜ், அதன் பிறகு வந்த எஸ்60 வகை போன்கள் எல்லாம் சிம்பியனில் ஓடியவை. அவை ஜாவா கேம்களையும் ஏற்றன, ஆனால் அவற்றின் சிம்பியன் கேம்கள் ஜாவா அல்ல. அந்த போனின் சிப்புக்கென்றே எழுதியவை. ஈகேஏ2எல்1 என்ற எமுலேட்டர் விண்டோஸிலும் ஆண்ட்ராய்டிலும் இவற்றை ஓட்டுகிறது. அதற்கு போனின் ஃபர்ம்வேர் நகலும் வேண்டும், ஜார் போட்டதும் ஓடுகிற கதையல்ல. நன்றாக ஓடுபவையும் இருக்கின்றன, ஓவியம் சிதறுபவையும் இருக்கின்றன. உங்கள் லினக்ஸ் கருவிக்கு இது இப்போதைக்கு வேண்டாம்.

பழைய ஸ்நேக்கை இதில் ஆட முடியுமா என்றும் கேட்டிருந்தீர்கள். 1997-இல் நோக்கியா 6110-இல் வந்த ஸ்நேக்கும், 3310-இன் 84×48 திரையில் ஆடிய ஸ்நேக் 2, ஸ்பேஸ் இம்பாக்டும் தனிக் கோப்புகளே அல்ல, போனின் ஃபர்ம்வேருக்குள் தைத்தவை. அந்தப் பெயரில் கிடைக்கும் ஜார்கள் பின்னால் தனியாகச் செய்தவை. ஆட்டம் அதேபோல இருக்கலாம், பொருள் அதுவல்ல. குவால்காமின் ப்ரூ தளத்தில் வந்த கேம்களில் நான் வேலை செய்ததில்லை, அதனால் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை.

கோப்புகள் எங்கிருந்து என்பதற்கு ஒரு வார்த்தை. கடைகள் மூடிவிட்டன, ஆனால் உரிமை யாரிடமோ இன்னும் இருக்கிறது. பழைய போன் வீட்டில் உயிரோடு இருந்தால் மெமரி கார்டில் நீங்கள் வாங்கிய ஜார் அப்படியே இருக்கக்கூடும், அதிலிருந்து தொடங்குவதே நிம்மதி. அடுத்த நிலைக்கு எஸ்எம்எஸ் அனுப்பு என்று கேட்கும் சோதனைப் பதிப்புகளை அப்படியே விட்டுவிடுங்கள், அந்தப் பக்கம் எடுக்க ஆளில்லை. 2006-லேயே கட்டண எண்களுக்கு எஸ்எம்எஸ் அனுப்பும் ரெட்பிரவுசர் என்ற ஜாவா தீம்பொருள் வந்தது. ஆகவே சிம் உள்ள ஆண்ட்ராய்டு போனில் ஆடினால் எமுலேட்டருக்கு எஸ்எம்எஸ் அனுமதி கொடுக்க வேண்டாம்.

இனி அந்தக் கறுப்புத் திரை கேம். ஜார் என்பது ஒரு ஜிப் கோப்புதான். கணினியில் அதைப் பிரித்துப் பாருங்கள். முகப்புப் படம் தனியாக இருந்தால் அதன் அளவே எந்தத் திரைக்கானது என்று சொல்லிவிடும். மெட்டா-இன்ஃப் கோப்புறையில் உள்ள மேனிஃபெஸ்ட் கோப்பை நோட்பேடில் திறந்தால் எம்ஐடிபி பதிப்பும், சில சமயம் நிறுவனத்தின் பெயரோடு தொடங்கும் வரிகளும் இருக்கும். திரை அளவை அதற்கேற்ப மாற்றியும் கறுப்பாகவே இருந்தால், வேறு மாடலுக்கான ஜாரைப் போட்டுப் பாருங்கள். மூன்றாவது மாடலிலும் எழவில்லை என்றால் மேனிஃபெஸ்ட் வரிகளையும் கருவியின் ரேம் அளவையும் இங்கே எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.